ரூபி டர்பினின் பன்றிக்கொட்டகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளானரி ஓ'கானரின் ‘ரெவலேஷன்’ (வெளிப்பாடு) சிறுகதையை யாருக்குப் படிக்கக் கொடுத்தாலும் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவேன். கதையை முதலில் படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஓ'கானர் யார்?

1925இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரில் பிறந்தவர். அப்பா லூபஸ் நோயில் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) 1941இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அதே நோய் மகளையும் பிடித்தது. அதன் பிறகு மில்லெஜ்வில் ஊருக்கு வெளியே ஆண்டலூசியா என்ற பண்ணையில் அம்மாவோடு இருந்துகொண்டு, மயில் வளர்த்துக்கொண்டு, கடைசியில் ஊன்றுகோல்களோடு நடந்துகொண்டு எழுதினார். இரண்டு நாவல்கள், முப்பது சொச்சம் சிறுகதைகள், அவ்வளவுதான். பாப்டிஸ்டுகள் (ஒரு புராட்டஸ்டண்டுப் பிரிவினர்) நிறைந்த ஊரில் ஒரு கத்தோலிக்கர். ‘ரெவலேஷன்’ 1964 வசந்த காலத்தில் ‘சிவானி ரிவ்யூ’ இதழில் வந்தது, அந்த ஆகஸ்ட் 3ஆம் தேதி அவர் இறந்துபோனார், வயது 39. மறு வருடம் சிறுகதைகளுக்கான ஓ. ஹென்றி முதல் பரிசு இந்தக் கதைக்குக் கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரூபி டர்பின், வயது 47, பெரிய உடம்புக்காரர், புருஷன் கிளாடோடு டாக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறார். மாடு உதைத்ததில் கிளாட் காலில் புண். அறை சின்னது, டர்பின் அம்மாள் உள்ளே வந்ததும் இன்னும் சின்னதாகிவிடுகிறது. அங்கே நல்ல உடை உடுத்திய ஒரு சீமாட்டி, அவருடைய மகள் மேரி கிரேஸ் (பதினெட்டு பத்தொன்பது வயது, குண்டு, முகமெல்லாம் பரு, கையில் தடித்த நீல அட்டைப் புத்தகம்), அப்புறம் அழுக்குப் பையனும் பாட்டியுமாக ஓர் ஏழை வெள்ளைக்காரக் குடும்பம். டர்பின் அம்மாள் பேசப் பேச மேரி கிரேஸ் முறைக்கிறாள். என்னை இப்படிப் படைத்ததற்கு நன்றி இயேசுவே என்று அம்மாள் வாய்விட்டுக் கூவும் கணத்தில் புத்தகம் பறந்து வந்து அவருடைய இடது கண்ணுக்கு மேலே மோதுகிறது. பெண் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறாள். ஊசி போட்டு அவளைப் படுக்கவைத்த பிறகு அம்மாள் குனிந்து, ‘என்னிடம் என்ன சொல்ல வந்தாய்?’ என்று கேட்க, ‘நீ வந்த நரகத்துக்கே திரும்பிப் போ, கிழட்டுக் காட்டுப்பன்றியே’ என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை விடவில்லை. சாயங்காலம் பன்றிக்கொட்டகைக்குப் போய் அம்மாள் கடவுளோடு சண்டை போடுகிறார். பிறகு வானத்தில் ஒன்றைப் பார்க்கிறார்.

டர்பின் அம்மாள் அப்படி என்ன தப்புச் செய்துவிட்டார்? யாரையும் ஏமாற்றவில்லையே?

அதிகமாக வருவது இந்தக் கேள்விதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். அவர் உண்மையிலேயே உழைப்பாளி, சர்ச்சுக்குச் செய்கிறார், இல்லாதவனுக்குக் கொடுக்கிறார், கொடுக்கும்போது கருப்பர் வெள்ளையர் என்று நிறம் பார்த்ததில்லை என்று அவரே சொல்கிறார், அதைப் பொய் என்று நினைக்கக் கதையில் எந்தக் காரணமும் இல்லை. சாதாரணக் கதையாக இருந்தால் இந்த மாதிரி ஆளுக்கு ஒரு ரகசியப் பாவம் வைத்து, கடைசியில் அதை அம்பலப்படுத்துவார்கள். ஓ'கானர் அதைச் செய்யவில்லை. அம்மாளிடம் இருக்கும் மிக நல்ல குணம் எதுவோ அதிலேயே கையை வைக்கிறார், அதாவது நன்றியுணர்ச்சியில்.

அந்த நன்றி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எனக்கு இதைக் கொடுத்தாயே என்று அது நிற்பதில்லை, என்னை அவளாகப் படைக்காமல் விட்டாயே என்று முடிகிறது. ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் தேவைப்படுகிறார், தராசின் மறுதட்டில் உட்கார. அந்த அறையில் அப்படி உட்கார வைக்க ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள், அதனால்தான் அம்மாளின் நன்றி பொங்கி வழிகிறது.

ஒரு சின்ன இடம். சுவரில் ஒரு கடிகாரம், பித்தளைச் சூரியன் மாதிரி. அழகாக இருக்கிறது என்று பேச்சு வருகிறது. உடனே அந்த ஏழை வெள்ளைக்காரப் பெண், பச்சை ஸ்டாம்பு சேர்த்தால் அது போல ஒன்று வாங்கலாம் (கடையில் சாமான் வாங்கினால் கொடுக்கும் ஸ்டாம்பு, சேர்த்துக் கொடுத்தால் பொருள் தருவார்கள்), நான்கூட நகை வாங்கியிருக்கிறேன் என்கிறாள். டர்பின் அம்மாள் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும், முகம் துடைக்க ஒரு துணியும் சோப்பும் வாங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார். நான் முதல்முறை படித்தபோது இந்த இடத்தில் சிரித்தேன். சிரித்த பிறகுதான் யார் பக்கம் நின்று சிரித்தேன் என்று உறைத்தது.

‘சுயநீதி’ என்று சொல்கிறார்களே, அது தற்பெருமைதானா?

இல்லை. சுயநீதி என்பது தன்னைத் தானே நீதிமான் என்று தீர்த்துக்கொள்வது. தற்பெருமைக்காரனுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். சுயநீதிக்குக் கடவுள் ஒருவர் சாட்சிக்கு இருந்தால் போதும். தமிழ்ச் சபைகளில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் அத்துப்படி, கூடவே பரிசேயனும் ஞாபகத்துக்கு வருவான். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு ஜெபம் பண்ணப் போன இரண்டு பேர்: ஒருவன் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன், இன்னொருவன் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். மற்ற மனுஷரைப் போலவும் இந்த ஆயக்காரனைப் போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான் பரிசேயன். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், வருமானத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை), எல்லாம் நிஜமாகவே செய்கிறவன். டர்பின் அம்மாளின் ஜெபமும் அச்சு அசலாக இதுதான். காத்திருப்பு அறையின் வானொலியில் கிரீடம் சூடப்போவதைப் பற்றிய பாட்டு ஓடும்போது, கடைசி வரியை அவரே மனசுக்குள் நிரப்பிக்கொள்கிறார். அந்தக் கிரீடத்தின் அளவு அவருக்குத் தெரியும்.

செருப்புகளைப் பற்றி ஏன் இவ்வளவு விவரம்?

அம்மாள் ஆட்களைக் காலிலிருந்து எடை போடுகிறவர். சீமாட்டிக்கு உடைக்குப் பொருத்தமான சிவப்பும் சாம்பலுமான ஷூ, அம்மாளுக்கே பளபளக்கும் கருப்பு ஷூ, மேரி கிரேஸுக்குச் சாரணர் பெண்கள் போடுகிற மாதிரி ஷூவும் தடித்த காலுறையும், பாட்டிக்கு டென்னிஸ் ஷூ, ஏழைப் பெண்ணுக்கு வீட்டுக்குள் போடும் செருப்பு. இராத்திரி தூக்கம் வராதபோது இதே வேலையை மனிதகுலம் முழுவதற்கும் செய்கிறார்: அடியில் பெரும்பாலான கருப்பர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் ‘வைட் ட்ராஷ்’ (ஏழை வெள்ளையரைக் குப்பை என்று சொல்லும் வசவு), மேலே வீடு வைத்திருப்பவர்கள், அதற்கும் மேலே வீடும் நிலமும் வைத்திருப்பவர்கள், அதில் அவரும் கிளாடும், அதற்கும் மேலே பெரும் பணக்காரர்கள்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பணக்காரர்களில் சிலர் மட்டமான ஆட்கள். நல்ல குடும்பத்தில் பிறந்த சிலர் சொத்தை இழந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் ஒரு கருப்பினப் பல் டாக்டரிடம் இரண்டு சிவப்பு லிங்கன் கார், நீச்சல் குளம், மாட்டுப் பண்ணை எல்லாம் உண்டு, அவரை எந்தப் படியில் நிறுத்துவது? யோசித்து யோசித்துத் தூங்கும் நேரத்தில் எல்லாரும் ஒரே சரக்கு ரயில்பெட்டியில் அடைக்கப்பட்டு வாயு அடுப்புக்குக் கொண்டுபோகப்படுவது போலக் கனவு வருகிறது. இந்த வரியைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 1945 முடிந்து இருபது வருடம்கூட ஆகாத காலத்தில் எழுதியது. மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கம் எந்த ரயிலில் போய் முடியும் என்று நாஜிகளின் ஐரோப்பா காட்டியாகிவிட்டது, அந்த ரயில் ஒரு ஜார்ஜியாப் பெண்மணியின் படுக்கையறை வழியாகவும் போகிறது.

பன்றி ஏன்? மாடாகவோ கோழியாகவோ இருந்திருக்கலாமே?

வேதாகமத்தில் பன்றி தீட்டான பிராணி, இயேசு சொன்ன உவமையில் வரும் கெட்ட குமாரன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் போய்ச் சேரும் இடமும் பன்றி மேய்க்கும் வேலைதான். அது சரி. ஆனால் இந்தக் கதையின் பன்றிகள் சுத்தமானவை என்பதுதான் வேடிக்கை. டர்பின் வீட்டுப் பன்றிகளுக்குச் சிமெண்ட் தளம் போட்ட கொட்டகை, கிளாட் தினமும் பிற்பகலில் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார், அவற்றின் கால் மண்ணையே தொடாது. ஏழைப் பெண் பன்றி என்றாலே நாற்றம் என்று முகம் சுளிக்கும்போது, என் பன்றிகள் உன் பிள்ளையைவிடச் சுத்தம் என்று அம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார்.

ஆக, கழுவிக் கழுவிச் சுத்தமாக வைத்த பன்றி. கழுவினாலும் பன்றி. அம்மாள் தன் வாழ்க்கையில் செய்து வைத்திருப்பதும் அதுதான் என்பதை ஓ'கானர் எங்கேயும் சொல்வதில்லை, குழாயை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடுகிறார். சாயங்காலக் காட்சியில் கோபத்தோடு தண்ணீர் பீய்ச்சியபடி, நான் எப்படி நானாகவும் பன்றியாகவும் இருக்க முடியும், இரட்சிக்கப்பட்டவளாகவும் நரகத்திலிருந்து வந்தவளாகவும் எப்படி இருக்க முடியும் என்று கடவுளைக் கேட்கிறார். அப்போது தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கவனித்தீர்களா? கிழத் தாய்ப்பன்றியின் கண்ணில். அது அலறுகிறது, அம்மாள் காதில் விழவில்லை. காலையில் அவர் கண்ணுக்கு மேலே புத்தகம், மாலையில் பன்றியின் கண்ணில் தண்ணீர்.

இன்னொன்றும் உண்டு. மேரி கிரேஸ் சொன்னது வெறும் பன்றி இல்லை, முகத்தில் மருவும் கொம்பு மாதிரி தந்தமும் உள்ள காட்டுப்பன்றி வகை, ஆப்பிரிக்காவில் இருப்பது. சற்று முன்னால்தான் அந்த ஏழைப் பெண், கருப்பர்களையெல்லாம் ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், முதலில் அங்கிருந்துதானே வந்தார்கள் என்று பேசியிருக்கிறாள். வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்ற அதே வாக்கியம், முகவரி மட்டும் மாறி அம்மாளுக்கு வந்து சேருகிறது. ஓ'கானர் இதைத் திட்டமிட்டுத்தான் வைத்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வாக்கியங்கள் அங்கே இருக்கின்றன.

மேரி கிரேஸ் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, மறைக்கவும் இல்லை. மேரி என்றால் மரியாள், கிரேஸ் என்றால் கிருபை. புராட்டஸ்டண்டுகள் கிருபை என்பதைக் கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். அருள் எப்போதும் வெள்ளைப் புறாவாகத்தான் வரும் என்று யார் சொன்னது, முகமெல்லாம் பருவோடும் வரலாம். அவள் எறிந்த புத்தகத்தின் தலைப்பு ‘மனித வளர்ச்சி’ என்ற பொருளில் இருப்பது ஆசிரியரின் குறும்பு. வார்த்தை வெளியே வருவதற்குச் சற்று முன் அந்தப் பெண்ணின் கண்களுக்குப் பின்னால் இறுக மூடியிருந்த கதவு திறந்து காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தது போல இருந்தது என்கிறது கதை. அதனால்தான் அம்மாளால் அதைப் பைத்தியத்தின் உளறல் என்று தள்ள முடிவதில்லை. அறையில் அத்தனை பேர் இருக்க, உண்மையிலேயே குப்பை என்று சொல்லத் தகுந்தவர்கள் இருக்க, தனக்கு மட்டும் ஏன் இந்தச் செய்தி என்பதுதான் அவருடைய புகார்.

அப்படியானால் மேரி கிரேஸ் நல்லவள், டர்பின் அம்மாள் கெட்டவர், அப்படித்தானே?

இல்லவே இல்லை. மாசசூசெட்ஸில் உள்ள வெல்லெஸ்லி கல்லூரியில் படித்துக்கொண்டு அமெரிக்காவின் தெற்கத்தி ஆட்களை ஏளனமாகப் பார்க்கும் பெண் அவள். பெற்ற தாயைக்கூட மதிப்பதில்லை. அவளுடையதும் சுயநீதிதான், படித்தவர்களின் சுயநீதி. அருளின் கருவியாக இருப்பதற்கு நல்லவளாக இருக்கத் தேவையில்லை என்பது ஓ'கானரின் கறாரான நம்பிக்கை. சொல்லப்போனால் ஆசிரியருக்கு டர்பின் அம்மாளை ரொம்பப் பிடிக்கும். பன்றிக்கொட்டகைக்குக் குறுக்கே நின்று ஆண்டவரைப் பார்த்துக் கத்த வேண்டுமென்றால் பெரிய பெண்மணியாக இருக்க வேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார், நாட்டுப்புறத்துப் பெண் யாக்கோபு என்றும் சொன்னார். வேதாகமத்தில் விடியும்வரை தேவதூதனோடு மல்லுக்கட்டிய அந்த யாக்கோபு. கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர் டர்பின் அம்மாளை வெறும் தீயவளாக எடுத்துக்கொண்டு, கடைசிக் காட்சியை நீக்கலாம் என்று சொன்னபோது ஓ'கானர் மறுத்து, அதை இன்னும் ஆழப்படுத்தப் போவதாகச் சொன்னார்.

டர்பின் அம்மாளைப் பார்த்து ‘இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும், நல்லவேளை நான் அப்படி இல்லை’ என்று நினைக்கும் வாசகரை இந்தக் கதை எங்கே உட்கார வைக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடவுள் அடித்துத்தான் சொல்ல வேண்டுமா?

ஓ'கானர் கதைகளில் பெரும்பாலும் ஆமாம். காது மந்தமானவர்களிடம் சத்தமாகப் பேச வேண்டும், கண் மங்கியவர்களுக்குப் பெரிய உருவமாக வரைந்து காட்ட வேண்டும் என்று கட்டுரையில் சொன்னவர். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை, அவருடைய அளவுகோலில் இது கருணை.

கடைசியில் வானத்தில் தெரிவது என்ன?

சூரியன் மறையும் நேரம். ‘யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் உன்னை?’ என்று அம்மாள் கடவுளைப் பார்த்துக் கத்துகிறார். அந்தக் கேள்வி வயலுக்கும் சாலைக்கும் மேலாகப் போய், காட்டுக்கு அப்பாலிருந்து பதில் மாதிரி அவருக்கே எதிரொலித்து வருகிறது. வேதாகமத்தில் தன் துன்பத்துக்குக் காரணம் கேட்ட யோபுவுக்குப் பெருங்காற்றிலிருந்து கடவுள் நான்கு அதிகாரம் பேசினார், இங்கே கேட்டவருடைய கேள்வியையே திருப்பிக் கொடுப்பதோடு சரி. பிறகு சாலையில் கிளாடின் டிரக் பொம்மை மாதிரி சின்னதாகத் தெரிகிறது, கூலிக்காரர்களை வீட்டில் விடப் போகிறது. பெரிய டிரக் ஒன்று மோதினால் கிளாடின் மூளையும் அந்தக் கருப்பர்களின் மூளையும் ஒன்றாகச் சாலையில் சிதறும் என்று அம்மாளுக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் பிரித்துப் பிரித்து வைத்த படிகள் இங்கே ஒரு நொடியில் காலி.

அதன் பிறகுதான் வானத்தில் ஊதா நிறக் கீற்று, பூமியிலிருந்து நெருப்பின் ஊடாக மேலே போகும் ஒரு பாலம். யாக்கோபு கனவில் கண்ட, வானத்தைத் தொடும் ஏணி என்று சொல்லலாம். அதில் ஆத்துமாக்கள் கூட்டமாகப் பரலோகத்துக்குப் போகிறார்கள். முன்னால் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சுத்தமாகியிருக்கும் ஏழை வெள்ளையர்கள், வெள்ளை அங்கி அணிந்த கருப்பர்கள், கைதட்டிக்கொண்டு தவளை மாதிரி குதிக்கும் பைத்தியங்களும் விகாரர்களும். கடைசியில் அம்மாளையும் கிளாடையும் போன்ற ஆட்கள், கண்ணியமாக, ஒழுங்காக, அவர்கள் மட்டும் சுருதி தப்பாமல் பாடிக்கொண்டு. முந்தினோர் பிந்தினோராகிவிட்டார்கள்.

ஆனால் முக்கியமானது அவர்களுடைய முகம். தங்கள் நற்குணங்களும்கூட எரிந்துபோவதைப் பார்த்து அதிர்ந்துபோன முகம். பாவம் எரிந்தால் யாருக்கும் புரியும், நற்குணம் ஏன் எரிய வேண்டும்? கத்தோலிக்க வாசகர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உடனே நினைவுக்கு வரும், பரலோகத்துக்கு முன்னால் ஆத்துமா சுத்தமாகும் இடம். அந்த நற்குணங்கள் போலியானவை அல்ல என்றுதான் நான் வாசிக்கிறேன். அடுத்தவரைவிட ஒரு படி மேலே நிற்க அவற்றைப் படிக்கட்டாகப் பயன்படுத்தியாகிவிட்டது, அந்தப் பாலத்தில் படிக்கட்டு இல்லை. ஆனாலும் அவர்களையும் யாரும் கீழே தள்ளிவிடவில்லையே. கடைசி என்றாலும் அதே பாலம், அதே திசை.

கதை முழுக்க இனவெறி வார்த்தைகள். எழுதியவரும் அப்படித்தானா?

வார்த்தைகள் வலிக்கும், தயாராக இருந்துதான் படிக்க வேண்டும். நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்த அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறிய அதே 1964இன் ஜார்ஜியா, அந்த அறையில் அப்படித்தான் பேசியிருப்பார்கள். எழுதியவர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அவருடைய கடிதங்களில் கருப்பின மக்களைப் பற்றி அருவருப்பான வரிகள் இருக்கின்றன. கருப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை ஜார்ஜியாவில் சந்திக்க 1959இல் மறுத்தார், ஊரில் பிரச்சினை வரும் என்று. 2020இல் மேரிலாந்தின் லயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதிக் கட்டடத்துக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்துவிட்டு, கருப்பினத் துறவியான தியா போமன் பெயரை வைத்தது.

கதையிலும் ஒரு குறை எனக்குப் படுகிறது. பருத்தி பறிக்க வந்த பெண்களுக்கு அம்மாள் வாளியில் ஐஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்கிறார். உங்களைப் போல நல்ல வெள்ளைக்கார அம்மா உண்டா, இயேசுவுக்கே உங்கள் மேல் திருப்தி என்று அவர்கள் கூடிக் கொஞ்சுகிறார்கள். அது வெறும் முகஸ்துதி என்று அவருக்கே தெரியும், எரிச்சலாகிவிடுகிறார். அபாரமான நகைச்சுவை. ஆனால் அம்மாளின் மண்டைக்குள் இருபது பக்கம் இருந்த நாம், அந்தப் பெண்கள் இருந்த டிரக் கிளம்பிய பிறகு தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூடக் கேட்பதில்லை. ஓ'கானரால் அந்த டிரக்கில் ஏற முடியவில்லை. வானத்துப் பாலத்தில் அவர்களை முன்னால் அனுப்பத் தெரிந்தவருக்கு, பூமியில் அவர்கள் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை.

கிறிஸ்தவம் தெரியாதவர்களுக்கு இந்தக் கதை பிடிக்குமா?

பிடிக்கும். தலைப்பு வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் தொடுகிறது என்று தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் காத்திருப்பு அறை எல்லாருக்கும் தெரியும்.

அம்மாள் திருந்தினாரா இல்லையா?

கதை சொல்லவில்லை. காட்சி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறார். பிறகு இறங்கி வந்து குழாயை மூடுகிறார், தண்ணீர் அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருட்டிக்கொண்டு வரும் பாதையில் வீட்டைப் பார்த்து மெதுவாக நடக்கிறார். மரங்களில் சுவர்க்கோழிகள் கத்தத் தொடங்கிவிட்டன, அவர் காதில் விழுவது மட்டும் மேலே ஏறிப்போகும் அந்தக் கூட்டத்தின் அல்லேலூயா. அதில் சுருதி தப்பாத குரல்கள் எத்தனை இருந்திருக்கும்?